கறிவேப்பிலைக்கு ஒரு ஹீற்றர்

கோடையில் லண்டன் தமிழர்களை இனம் பிரிப்பது கடினம். ஒக்ரோபர் பிறந்து, ரீவியில் வானிலை சொல்கிறவர் இன்றிரவு உறைபனி விழக்கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், கூட்டத்திலிருந்து ஓர் இனம் தனியாக எழுந்து சப்பாத்தைத் தேடும். அந்த இனத்துக்குச் 'செடிக்காவலர்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடுத்த வீட்டு வெள்ளைக்காரர் என்ன செய்கிறார்? ரோசாவைக் கத்தரிக்கிறார், சருகைக் கூட்டி அள்ளுகிறார், புல்லு வெட்டும் மெசினைத் துடைத்து ஷெட்டுக்குள் தள்ளுகிறார், பூட்டைப் போட்டுவிட்டு வசந்தம் வரைக்கும் தோட்டத்தை மறந்துவிடுகிறார். செடிக்காவலரால் மறக்க முடியுமா?

மோர்டனில் இருந்த பரமேஸ்வரனைப் பாருங்கள். கவுன்சிலில் கணக்குப் பிரிவில் வேலை. குப்பைவாளியை வெளியே வைப்பதற்கும் கழுத்தில் ரை கட்டுகிற மனிதர். அவரே ஒக்ரோபர் கடைசியில் மனைவி கலாவதியின் பழைய ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு பின்வளவில் இறங்குவார். தக்காளியைப் பிடுங்கி, காய்ந்த பூசணிக் கொடியைச் சுருட்டி எறிந்து, பாத்திக்குப் பழைய கம்பளம் விரித்து, மல்லிகைச் சட்டிக்குச் சாக்குச் சுற்றி, அத்திக் கன்றுக்குப் போர்வை போர்த்து, அதன் தலையில் ஒரு கம்பளித் தொப்பியையும் மாட்டிவிடுவார். அடுத்த வீட்டுக் கிழவி ஒருநாள் மூடுபனியில் அந்த அத்திக்குக் குட்மோர்னிங் சொன்னார்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய வேலை கறிவேப்பிலை.

இடுப்பளவு உயரம், ஒரு நீலப் பீப்பாய் நிறைய மண். அதைப் பரமேஸ்வரன் நெஞ்சோடு அணைத்துப் படிக்கட்டில் ஏற்றுகிறபோது வீட்டின் எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்க வேண்டும், காற்றுப் பட்டுவிடும். மாடியில் இருந்த சின்ன அறை அதற்கு. வீட்டிலிருந்த ஒரேயொரு மின்சார ஹீற்றரும் அதற்கு.

"அந்த ஹீற்றரைக் கொஞ்ச நேரம் குசினிக்குத் தாங்கோவன். சமைக்கேக்க கை விறைக்குது," என்பார் கலாவதி.

"உமக்குச் சுவெற்றர் இருக்கு. அதுக்கு என்ன இருக்கு?"

சரி, தேங்காய்ப்பால் சொதிக்கு நாலு இலையாவது ஆயலாமா? ஏலாது. குளிர்காலம் செடி ஓய்வெடுக்கிற காலம். கலாவதி கடையில் வாங்கிய காய்ந்த இலையைப் போட்டுச் சமைத்தார்.

தொண்ணூறாம் ஆண்டு நவம்பரில் கலாவதியின் தம்பி குகதாசன் யாழ்ப்பாணத்திலிருந்து பல நாடு சுற்றி ஹீத்ரோவில் வந்து இறங்கினான். அவனைப் படுக்கவைக்கச் சின்ன அறையை விட்டால் வேறு அறை இல்லை. "அதுக்குள்ள ஏற்கெனவே ஆள் இருக்கே," என்றார் பரமேஸ்வரன். கலாவதி அவரைப் பார்த்த பார்வையில் மெத்தை தானாகவே மாடிக்கு ஏறியது.

குகதாசனுக்குச் சட்டங்கள் சொல்லப்பட்டன. யன்னல் திறக்கக்கூடாது. ஈர உடுப்புக் காயப்போடக்கூடாது. புரண்டு படுக்கும்போது பீப்பாயில் கால் படக்கூடாது. விடிந்ததும் அத்தான் கதவைத் தட்டுவார்.

"என்ன மாதிரி, இரவு குளிர்ந்ததோ?"

"இல்லை அத்தான், நல்ல நித்திரை."

"உம்மைக் கேக்கேல்லை. இலை ஏதும் விழுந்ததோ?"

குகதாசன் அதிகம் பேசமாட்டான். ஓம், இல்லை, சோறு காணும். வந்த வழியில் என்ன பட்டான் என்று அவனும் சொல்லவில்லை, கேட்கிற துணிவும் அக்காவுக்கு வரவில்லை. சோற்றை வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார், பிறகு கோப்பையைக் கழுவப் போய்விடுவார்.

பெப்ரவரியில் பனி கொட்டியது. ரயில் நின்றது, அதோடு வீட்டைச் சூடாக்குகிற பொயிலரும் நின்றது. திருத்துகிறவர், தெருவில் பனி வெளிக்கட்டும், பிறகு வருகிறேன் என்றார். பின்னேரம் ஆனதும் கீழ்வீடு ஐஸ்பெட்டி ஆயிற்று.

"தம்பிக்குத் தேத்தண்ணி குடுத்திட்டு வாறன்," என்று மாடிக்குப் போன கலாவதி திரும்பி வரவில்லை. "இலையைப் பாத்திட்டு வாறன்," என்று காற்றுக்குச் சொல்லிவிட்டுப் பரமேஸ்வரனும் ஏறினார். கலாவதி மெத்தையில் அமர்ந்து ஹீற்றருக்குக் கால் காட்டிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரன் கொஞ்ச நேரம் கௌரவமாக நின்றார். பிறகு பீப்பாயோடு ஒட்டி உட்கார்ந்தார்.

மூன்று பேருக்கு அந்த அறை போதாது. முழங்கால்கள் முட்டின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதென்றால் கிளையை விலக்க வேண்டும். கிளையை விலக்கிய குகதாசன் திடீரென்று சிரித்தான்.

"அக்கா, மொஸ்கோவில எங்களை அடைச்சு வச்சதும் இப்படி ஒரு அறைதான். கனபேர். இரவில ஒராள் திரும்பிப் படுக்கிறதெண்டால் எல்லாரும் திரும்பவேணும்."

அதன் பிறகு அவன் நிறுத்தவில்லை. காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் விட்டுவிட்டுப் போனது, பனிக்குள் செருப்போடு நடந்தது, கூட வந்த பெடியன் ஒருவன் காய்ச்சலில் அங்கேயே தங்கிப்போனது, எல்லாம் வந்தது. கலாவதி ஒருமுறை சிரித்தார், பலமுறை அழுதார். யார் கதை சொன்னாலும் நடுவில் புகுந்து கவுன்சில் கதை சொல்கிற பரமேஸ்வரன் வாய் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டேயிருந்தார். கை மட்டும் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பெடியன் இப்ப எங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"தெரியாது அத்தான்." குகதாசன் அவருடைய மடியைப் பார்த்தான். "அத்தான், இலை."

மடி நிறைய இலை. செடியின் ஒரு பக்கம் மொட்டை. வேறு யாராவது செய்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். பரமேஸ்வரன் தன் விரல்களைப் பார்த்தார், மோந்து பார்த்தார். கலாவதி இலைகளை அள்ளிக்கொண்டு கீழே போய், அந்தக் குளிரில் நின்று, ஒரு சொதி வைத்தார். குகதாசன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

பொயிலர் திருத்தப்பட்டது. பரமேஸ்வரன் செடியின் மொட்டைப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, விருந்தினரிடமிருந்து மானத்தைக் காப்பாற்றினார். கோடையில் அது துளிர்த்தது. விமான நிலையத்தில் வேலை கிடைத்த குகதாசன் ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை எடுத்துப் போனான். காலையில் கதவைத் தட்ட ஆளில்லாமல் நிம்மதியாக இருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த ஒக்ரோபர், முதல் உறைபனி அறிவிப்பு முடிந்த கையோடு மோர்டனில் ரெலிபோன் அடித்தது.

"அத்தான், இஞ்ச ஒரு சின்னக் கறிவேப்பிலைக் கண்டு வாங்கி வச்சிருக்கிறன். யன்னலடியில வைக்கிறதோ, கட்டிலடியிலயோ?"

"யன்னலடி குளிர். கட்டிலடியில வையும்."

"அப்ப நான் படுக்க இடம் காணாது."

"நீர் இளந்தாரி. சமாளிப்பீர்."

தொற்று நோய் இது. தடுப்பூசி கிடையாது. நீங்கள் சிரித்துக்கொண்டு வாசித்தீர்கள், நன்றி. அந்த ஆட்கள் வேறு, நான் வேறு என்றும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இப்போது புத்தகத்தை மூடிவிட்டு எழும்பப் போகிறீர்கள். தேத்தண்ணி போடவா? இல்லை. ரேடியேற்றருக்குப் பக்கத்தில் இருக்கிற சட்டிக்குள் விரலை விட்டு, மண் காய்ந்துவிட்டதா என்று பார்க்க. போங்கள், நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.