விசில் ஊதிப் பெரட்டு கூட்டின கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்கு ஆளுங்களக் கூப்பிடணும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல, இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் கணக்கப்பிள்ளை. விடியக்காலம் முத்தையா தப்பு மேளம் அடிப்பான். சத்தம் கேட்டு லயத்து வரிசை வீடுங்கள்ல இருந்து ஜனங்க எறங்கி வந்து நிப்பாங்க. யாரு எந்த மலைக்குன்னு பிரிச்சு அனுப்புவோம். ஒரு கொறையும் இல்ல.

அதுதான் புதுசா வந்த தொரைக்குப் பொறுக்கல.

"தப்பு பழசு. நாளைக்கு விசில். நீதான் மாத்தணும்"னு சொல்லி, ஒரு பித்தளை விசில என் கையில குடுத்தாரு.

ஆளுங்கள ஒரு வார்த்தை கேக்கலாமேன்னு தோணுச்சு. ஆனா அப்ப எனக்கு மேல உள்ள கண்டாக்கு வேலை காலியா இருந்துச்சு. அதனால, "ரொம்ப நல்ல யோசனைங்க தொரை"ன்னுட்டேன்.

சாயங்காலம் லயத்துக்குப் போயி முன்னேத்தத்தப் பத்தி ஒரு பிரசங்கம் பண்ணேன்.

"அப்ப நான் நாளைக்கு என்னங்க செய்யட்டும்?"னான் முத்தையா.

"நல்லாத் தூங்கு."

கொழுந்து எடுக்குற காத்தாயி கேட்டா: "மேல் லயத்துக்கு விசில் கேக்குமாங்க?"

"காது இருந்தா கேக்கும்."

எல்லாரும் தலையாட்டுனாங்க. அதச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

மறுநாள் ஒரே பனி. களத்துல நின்னு ஊதுனேன். யாரும் வரல. மூச்சப் புடிச்சு இன்னொரு தரம் ஊதுனேன்.

தடதடன்னு ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. தப்புக்கு நடந்து வந்தவங்க விசிலுக்கு ஓடி வர்றாங்களேன்னு எனக்கு ஒரே பெருமை.

பனிக்குள்ள இருந்து வந்தது தொரையோட வேட்டை நாய் ரெண்டும்.

தொரை அதுங்களக் கூப்பிடுறதும் அதே மாதிரி விசில்லதானாம். அவரு சொல்லல. நானும் கேக்கல. ஊதிட்டு ஏதாச்சும் திங்கக் குடுப்பாராம். என் கோட்டுப் பையில வீட்டுக்காரி கட்டிக் குடுத்த ரொட்டி இருந்துச்சு. ரொட்டி போச்சு. பையும் கூடவே போச்சு.

பாய்ஞ்சு மதில் மேல ஏறி அலறுனேன். வாயில விசில் இருந்ததால அலறலும் விசிலாவே வந்துச்சு. தொரை கூப்பிடுறாருன்னு நாய் ரெண்டும் இன்னும் உற்சாகமாக் குதிச்சுச்சு.

மேல வளைவுல ஜனங்க மொத்தமும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"விசில் கேட்டுச்சுங்க"ன்னா காத்தாயி. "நாய் போனதும் எறங்குறோம்."

ராத்திரி உடுப்போட தொரை வந்தாரு. "ஆளு எங்கே?"

"வந்துகிட்டே இருக்காங்க தொரை"ன்னு மதில் மேல இருந்தே மரியாதையாச் சொன்னேன். பொறவு வளைவப் பாத்துக் கத்துனேன்: "முத்தையா, எடுடா தப்ப."

"தூங்கச் சொன்னீங்களேங்க."

"கும்புடுறேன்டா."

தப்பு அதிர்ந்துச்சு. நாய் ரெண்டும் வால மடக்கிக்கிட்டு பங்களாவுக்கு ஓடிருச்சு. ஜனங்க சிரிச்சுக்கிட்டே எறங்குனாங்க. நேரம் போனாலும் அன்னைக்கு எல்லாருக்கும் முழுப் பேரு விழுந்துச்சு, முழு நாள் சம்பளம். எனக்குத்தான் அந்தக் கண்டாக்கு வேலை பக்கத்து ஊரு டிக்கோயாக்காரர் ஒருத்தருக்குப் போயிருச்சு.

தொரை யோசனையில ஒரு கொறையும் இல்லையாம். ஊதுனவன் மூச்சுதான் சரியில்லையாம்.