குதிரைக்குக் குடை பிடித்த கதை

இடமில்லை என்று ஒருவர் சொன்னால், உண்மையிலேயே இடம் இல்லை என்றுதான் பொருளா? முப்பத்துநான்கு வயதாகிறது, பி.காம். படித்திருக்கிறேன், இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

பழியை என்மேல் மட்டும் போடாதீர்கள். நான் தாராவியில் பிறந்து லோக்கல் ரயிலில் வளர்ந்தவள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் "ஜகா நஹி ஹை", இடமில்லை என்பார்கள். நாம் நகராமல் நின்றால், அடுத்த ஸ்டேஷனுக்குள் மூவரும் கொஞ்சம் நெருங்கிக்கொள்வார்கள். நாலாவதாக நாம் பாதி உட்கார்ந்துவிடலாம். டியூஷனும் அப்படித்தான். என் அண்ணன் மகனுக்காக அவன் அம்மா, என் மைனி, சயானில் ஒரு கணக்கு சார் வாசலில் ஆறு நாள் நின்றார். ஆறு நாளும் "சீட் இல்லை". ஏழாம் நாள் சேர்த்துக்கொண்டார்.

"நல்ல சாரு எவரும் கேட்ட ஒடனே சரிங்க மாட்டாவ பிள்ள. ஒடனே சேத்துக்கிட்டாருன்னா, அவருட்ட யாருமே போவலன்னு அர்த்தம்" என்பது மைனியின் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தோடுதான் நான் குதிரைப் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்தேன்.

என் மகள் ஜெனிக்கு அப்போது ஏழு வயது. லிஃப்டுக்குப் பயம், குக்கர் விசிலுக்குப் பயம், மிக்ஸியைப் போட்டால் பக்கத்து அறைக்கு ஓடிவிடுவாள். (யாருடைய ரத்தம் என்று கேட்க வேண்டாம்.) யாரோ ஒரு தோழியின் பிறந்தநாளில் குதிரைமேல் உட்கார்த்தி வைத்தார்கள். அதற்கு மட்டும் அவள் பயப்படவில்லை. இறங்கவே மாட்டேன் என்றாள். பயப்படாத ஒரு பொருள் கிடைத்ததே என்று செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் பிடித்து, டாக்ஸி பிடித்து, சனிக்கிழமை தோறும் அழைத்துப் போக ஆரம்பித்தேன்.

ஜெனிக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்நேகா தீதி. தீதி என்றால் அக்கா. முதல் போனிலேயே சேர்த்துக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம். நான்கு வாரம் போயும், நேராக உட்கார், குதிகாலைத் தாழ்த்து, கடிவாளத்தை இழுக்காதே, இவ்வளவுதான் பாடம். ஜெனி சந்தோஷமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பிள்ளை பின்தங்கிவிடுகிறாளோ? நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ?

பள்ளி வாசலில் ஒரு பலகை இருந்தது. இன்ஸ்ட்ரக்டர், டிரெய்னர், கோச் என்று மூன்று பதவிகள். ஸ்நேகா தீதி இன்ஸ்ட்ரக்டர். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இன்ஸ்ட்ரக்டர் என்றால் பள்ளிக்கூட டீச்சர். டிரெய்னர் என்றால் டியூஷன் சார். கோச் என்றால் என்ட்ரன்ஸ் கோச்சிங். பிள்ளையை இன்னும் டீச்சரிடமே விட்டு வைத்திருக்கும் ஒரே தாய் நான்தான்!

டிரெய்னர் துரைசாமி சார் வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர் வேறு. விடுவேனா? ஜெனியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன்.

"புள்ளைங்களுக்கு நான் கத்துத் தர்றதில்லம்மா. குதிரைக்குத்தான் கத்துத் தர்றேன்" என்றார்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. சயான் கணக்கு சாரும் இப்படித்தான், "நான் பையனுக்குப் பாடம் எடுக்கல, அவன் மூளைக்கு எடுக்கிறேன்" என்பாராம். பெரிய சார்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் படித்தால் பிள்ளை குழம்பிவிடும் என்று, ஸ்நேகா தீதியிடம் "அடுத்த வாரத்திலிருந்து ஜெனி வர மாட்டாள்" என்று அன்றே சொல்லியும் விட்டேன்.

"மம்மி, தீதிகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?" என்றாள் ஜெனி.

"உன் நல்லதுக்குத்தான்."

அடுத்த சனிக்கிழமை துரைசாமி சாரின் வேலிக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே சுல்தான் என்ற இளங்குதிரை வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் என்னைப் பார்க்காதவர்போல் இருந்தவர், கடைசியில் திரும்பினார்.

"கையில என்னம்மா, குடையா?"

"ஆமா சார், வெயிலுக்கு."

"உள்ள வாங்க. அங்கயே நில்லுங்க. விரிங்க."

விரித்தேன். சுல்தான் நாலடி பின்னால் பாய்ந்தது.

"மூடுங்க. மறுபடி விரிங்க."

நேர்முகத் தேர்வு தொடங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. (பெற்றோரின் பொறுமையைச் சோதிக்கிறார்!) நிமிர்ந்து நின்றேன். புன்னகைத்தேன். குடையை விரித்து மூடியபடியே, "ஜெனிக்கு டிராயிங்லயும் இன்ட்ரஸ்ட் உண்டு சார்" என்றேன். அவர் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சார் அல்லவா.

இரண்டாம் வாரம் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று ஆட்டச் சொன்னார். என் துப்பட்டாவை விசிறச் சொன்னார். டிபன் டப்பாவைக் கரண்டியால் தட்டச் சொன்னார். எல்லாம் செய்தேன். ஜெனி வேலிமேல் உட்கார்ந்து, தூரத்தில் ஸ்நேகா தீதியின் பிள்ளைகள் குதிரையில் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை. தேர்வு எழுதுகிறவள் ஜன்னல் வழியே பார்ப்பாளா?

மூன்றாம் வாரம் வேலியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கோச் சாரும் இருந்தார். இன்றைக்கு ரிசல்ட் என்று முடிவு செய்து, மாட்டுங்காவில் வாங்கிய புதுச் சேலையைக் கட்டிப் போயிருந்தேன். குடையை விரித்துக்கொண்டே சுல்தானை நோக்கி நடக்கச் சொன்னார். நடந்தேன். சேலை தடுக்கியது. விரித்த குடையோடு, ஒரு கையில் டிபன் டப்பாவோடு, ஈர மணலில் குப்புற விழுந்தேன். டப்பா உருண்டு சுல்தானின் காலடியில் போய் முட்டியது. எலுமிச்சை சாதம் எங்கும் சிதறியது.

சுல்தான் அசையவே இல்லை. குனிந்து என் தலையை முகர்ந்து பார்த்தது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஷாபாஷ்! ஷாபாஷ்!" என்று துரைசாமி சார் ஓடிவந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

நானாகவே எழுந்து, மூக்கிலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அப்ப ஜெனிக்கு எப்ப கிளாஸ் சார்?"

"எந்த ஜெனி?"

வேலியைக் காட்டினேன்.

"மொத நாளே சொன்னேனேம்மா. புள்ளைக்கு உக்காரக் கத்துக் குடுக்கிறது ஸ்நேகா. குதிரைக்குப் பயத்தப் போக்குறது நானு. ரெண்டும் தேறினப்புறம் போட்டிக்குத் தயார் பண்றது கோச். ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் செய்யறதில்ல."

"அப்ப மூணு வாரமா நான் என்ன செஞ்சேன்?"

"நீங்களா வந்து நின்னீங்க. ஒதவி பண்ண வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். ரொம்ப பயந்த குதிரைம்மா இது. உங்களாலதான் தேறிச்சு."

மணலோடு ஸ்நேகா தீதியிடம் ஓடினேன். ஜெனியின் இடத்தை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். "சாரி, இப்ப இடமில்ல" என்றார். அது நிஜமாகவே இல்லாத இடம்.

திரும்பும் ரயிலில் ஜெனி அழவில்லை. குர்லா தாண்டிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "மம்மி, அந்தக் குதிரைக்குப் பயம் போயிடுச்சு. உனக்கு எப்பப் போகும்?"

தீதியிடம் மறுபடி இடம் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. ஐந்து மாதமும் நான் வரிசையில் மட்டும் நின்றேன், குடையில்லாமல்.

இன்றும் மழைக்கு நான் குடையை விரித்தால், என் கணவர் செல்வின், "ஏட்டி, பாத்து விரி, குதிரைக்குப் பரீட்சை இருக்கப் போவுது" என்பார். கல்யாண வீடுகளில் மைனி என்னை அறிமுகம் செய்வதே, "இவ சொல்லிக் குடுத்துக் குதிரையே பாஸாயிட்டுல்லா" என்றுதான்.

இப்போது ஜெனிக்குப் பத்து வயது. குதிரையை அழகாக ஓட்டுகிறாள். குக்கர் விசிலைத் தானே எண்ணி அடுப்பை அணைக்கிறாள். போன வாரம் ஸ்நேகா தீதியே கூப்பிட்டு, "இனி இவளைக் கோச்சிடம் அனுப்பலாம்" என்றார். கோச் சாரிடம் போனோம். ஜெனி ஓட்டுவதைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "இந்த வருஷம் இடமில்லை" என்றார்.

"நிஜமாவே இல்ல மம்மி, வா போலாம்" என்கிறாள் ஜெனி. "குடைய எடு பிள்ள" என்கிறார் மைனி. சொல்லும்போது கோச் சார் ஒரு நொடி யோசித்தாரே, அது ரயிலில் நெருங்கிக்கொள்வதற்கு முன்னால் யோசிப்பார்களே, அந்த யோசனையா? எனக்குத் தெரியவில்லை.

அனுபவப்பட்ட பெற்றோர் யாராவது சொல்லுங்கள். அவர் சொன்னதை நம்பி வீட்டில் இருப்பதா, வேலியோரம் போய் நிற்பதா? குடை வாசலிலேயே மாட்டியிருக்கிறது. சனிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.