சீதன மாடுகளில் சுட்ட கடவுச்சொல்

பழுகாமம்
08.02.2004

கத்தார் தோகாவில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகன் அழகரத்தினத்துக்கு மாமா வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. கண்ணகை அம்மன் காவலில் நீங்கள் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான், மாமி புஸ்பம், மகள் அன்னப்பூரணி மூவரும் சுகம். அன்னப்பூரணிக்குச் சீதனமாக ஒதுக்கிய ஐந்து மாடுகளில் நான்கு சுகம். ஐந்தாவதைப் பற்றித்தான் இக்கடிதம்.

களுவாஞ்சிக்குடி மின்னஞ்சல் கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறும்போது நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. சேர்வரில் நீங்கள் பூட்டிவைத்த செருகி என்ற குட்டி மென்பொருள்தான் வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களைப் பிரித்து அவரவர் பெட்டியில் போடுகிறது, கரண்ட் போய் வந்தால் அது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும், அதைக் கடதாசியில் எழுதக்கூடாது, கணினியிலும் ஒட்டக்கூடாது, பெற்ற மகளுக்கும் சொல்லக்கூடாது, அழியாத இடத்தில் வைக்க வேண்டும் என்றீர்கள். அதோடு விட்டீர்களா? "இதைக்கூடக் காப்பாத்த ஏலாட்டி கடைய விலை கேட்டுத் திரியிற அப்துல் கபூருக்கு வித்துப்போட்டு நான் அங்கயே இருந்திருவன் மாமா, கலியாணத்த மறுகா பாப்பம்" என்றும் சொன்னீர்கள். ஆனியில் கலியாணம் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். 

ஆயுசு முழுக்கத் தபாற் கந்தோரில் இருந்து ஊராரின் இரகசியங்களைக் கையில் ஏந்தியும் ஒன்றையும் பிரித்துப் பாராதவன் நான். எனக்கா பாதுகாக்கத் தெரியாது? கடதாசி என்ற பேச்சுக்கே இடமில்லை. சமாதான காலம் என்கிறார்கள், ஆனால் பட்டிருப்புப் பாலத்தடியில் சட்டைப்பையைத் தடவுகிறவன் தடவிக்கொண்டுதான் நிற்கிறான். அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக ஒரு துண்டைக் கண்டால் அந்தப் பக்கத்தில் ஆமியும் கேட்கும், இந்தப் பக்கத்தில் இயக்கமும் கேட்கும். ஆகவே யோசித்து யோசித்து, நம் ஊர் வழக்கப்படி மாட்டில் குறி சுட்டு வைத்தேன். இடது தொடையில் நம்முடைய குடிக்குறி. வலது தொடையில் மாட்டுக்கு ஓர் எழுத்து, ஓர் இலக்கம். வயது மூத்த மாட்டிலிருந்து இளைய மாடு வரைக்கும் வரிசையாக வாசித்தால் கடவுச்சொல் முழுக்க வந்துவிடும். தண்ணீரில் கரையாது, கறையான் அரிக்காது, சென்றிச் சோதனையில் பிடிபடாது. கலியாணம் முடிய மாடுகளும் உங்களிடம் வரும், கடவுச்சொல்லும் கூடவே நடந்து வரும். மறந்துபோனால் பட்டியை ஒருதரம் சுற்றி வருவேன். "இந்த மனுசனுக்கு வயசுபோன காலத்தில மாட்டில என்ன பாசமோ" என்று உங்கள் மாமி அயலுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த மாமிதான், மருமகன், நான் கடையில் இருந்த நேரம் பார்த்து, உதைக்கிற மாடு என்று வயது வரிசையில் நடுவில் உள்ள சிவலைப் பசுவை ஓட்டமாவடி மாட்டு வியாபாரி அசனாருக்கு விற்றுவிட்டார். எனக்குத் தெரிய வந்தது இரண்டு நாள் கழித்து. சரி, தலைக்குள் இருக்கிறதுதானே என்று கடைக்குப் போனேன். அன்று பின்னேரமே கரண்ட் போய் வந்தது. செருகி கடவுச்சொல் கேட்டது. சிவலையில் கியூ நாலா, கியூ ஒன்பதா என்று எனக்கு ஒரு தடுமாற்றம். இரண்டையும் அடித்தேன், இரண்டையும் பிழை என்றது. கடை நிறையச் சனம். ஒரு பிள்ளைத்தாய்ச்சி குவைத்தில் இருக்கும் புருசனின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணுக்கு முன்னால் அப்துல் கபூர் சாவியை வாங்குவதும், நம் வீட்டுப் பந்தல் பிரிபடுவதும் தெரிந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் கடையைப் பூட்டி, விடியப் புறப்பட்டு, பஸ் மாறி ஓட்டமாவடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாடு இருந்தது. தொடைதான் தெரியவில்லை, அவ்வளவு சாணம். "அசனார், ஒரு வாளி தண்ணி தாங்க, மாட்டைக் கழுவோணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வித்த மாட்டைக் கழுவ வந்த ஆளை இண்டைக்குத்தான் அண்ணன் காணுறன்" என்றார். அவர் மனைவி றமீஸா, "பிரிஞ்ச கவலையாக்கும், பாவம், விடுங்க" என்று தேத்தண்ணீர் போடப் போனார். கழுவினேன். அது உதைத்தது. விழுந்த இடத்திலிருந்தே வாசித்தேன், கியூ நாலு. நான் முதலில் அடித்ததும் அதேதான், விரல் வழுக்கியிருக்க வேண்டும்.

திரும்பும்போது மறக்காமல் இருக்க வழி முழுக்க அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். இடையில் ஒரு சென்றியில் இறக்கி, பேர் என்ன என்றான் ஆமிக்காரன். கியூ நாலு என்றேன். அடையாள அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மரத்தடியில் இருத்தினான். தமிழ் தெரிந்த ஒருவன் வந்து, "கியூ நாலு யாரு?" என்றான்.

"அது மாடு, ஐயா."

"மாட்டுக்கு ஏன் நம்பர்?"

"அத மட்டும் கேக்காதீங்க ஐயா, மருமகன் சொல்லப்படாதெண்டவர்."

அவர்கள் சிங்களத்தில் நெடுநேரம் ஆலோசித்து, கடைசியில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்து, என்னைப் பஸ்ஸில் ஏற்றி, பக்கத்து இருக்கைக்காரரிடம் கவனமாக வீட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தால் அது திறந்திருந்தது. கணினிக்கு முன்னால் அன்னப்பூரணி. "அப்பா, நீங்க சுவர்ப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, நான் அடிக்கிறன்" என்றாள். உங்கள் கட்டளையை மீறினேன், மன்னியுங்கள். சொன்னேன். உடனே திறந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பதில் கிடைத்துவிட்டது. ஆகவே மருமகன், கடவுச்சொல் பத்திரம், கடை பத்திரம், கலியாணப் பேச்சில் மாற்றம் வேண்டாம்.

உங்கள் கைக்குக் காரியமும் காலுக்கு ஊர் வரும் வழியும் அம்மன் தரட்டும். மாமி உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார். மாடு விற்ற கதையை எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
மாமா வினாயகமூர்த்தி

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை அன்னப்பூரணியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, பட்டிக்குள்ள ஆரு போனாலும் வாசிக்கலாமே. நானும் வாசிச்சிட்டன். சிவலை லொறியில ஏறின அண்டைக்கே நான் அந்தச் சொல்ல மாத்திப்போட்டன். நீங்க சுவரைப் பாத்துச் சொல்லேக்க நான் அடிச்சது வேற" என்கிறாள். புதியதை எங்கே வைத்திருக்கிறாய் என்றேன். தலைக்குள்ளாம். "மச்சானுக்கும் இனி உள்ளுக்குப் போக ஏலாது. கடைய விக்கிறதெண்டாலும் என்னட்டத்தான் கேக்கோணும். தாலி கட்டின மறுநாள் காதுக்குள்ள சொல்லுவன் எண்டு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். எப்போது டிக்கெட் எடுக்கிறீர்கள்?