கமரா விழுங்கிய அன்று கிண்ணியா பஸ்ஸில்

வயிற்றுக்குள் ஒரு கமராவும், இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட்டும், அதை மூட ஒரு நீலச் சேர்ட்டுமாக, திருகோணமலையில் ஒரு கிளினிக்கை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தேன். ஊருக்கு வரும் வெள்ளைக்காரருக்குக் கமரா கழுத்தில் தொங்கும். எனக்கு அது குடலுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

வாசல் வரை கூட வந்த நேர்ஸ் திரும்பவும் ஒருமுறை சொன்னார்.

"அண்ணை, நடந்து திரியுங்கோ. நடந்தாத்தான் அது கீழ இறங்கும். பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது. பெல்ட்டைக் கழட்டவே கூடாது. இந்த நீல லைற் மின்னிக்கொண்டே இருக்கவேணும். பின்னேரம் நாலு மணிக்கு இங்க நிக்கோணும். விளங்கினதோ?"

"ஓம் மிஸ், விளங்கினது."

(விளங்கியது உண்மைதான். விளங்கியபடி நடப்பதில்தான் எனக்கு எப்போதும் கரைச்சல். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு என்னைவிட்டு வாத்தியார்மார் தப்பியதும் அதனால்தான்.)

கமராவை விழுங்கும் அளவுக்கு எனக்கு என்ன வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக உடம்பில் இரத்தம் நிற்கவில்லை. புல்மோட்டையில் மணல் ஏற்றும் வேலையில் மயங்கி விழுந்தேன், அனுப்பிவிட்டார்கள். வெருகலில் வயல் வேலையில் வரப்பிலிருந்து சேற்றுக்குள் விழுந்தேன், அனுப்பிவிட்டார்கள். சாம்பல்தீவில் வலை இழுக்கும்போது கடலுக்குள்ளேயே விழுந்தேன். தூக்கியெடுத்து, உடுப்புக் காய்ந்த பிறகு அனுப்பினார்கள். ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். விழுகிற ஆளை வைத்து ஒரு முதலாளி என்ன செய்ய ஏலும்?

கடைசியில் தங்கச்சி வசந்தி என்னைத் தன் வீட்டில் மறித்துவைத்து, கொழும்பிலிருந்து வந்துபோகும் குடல் டொக்டரிடம் கூட்டிப்போனாள். எங்கேயோ இரத்தம் கசிகிறது என்றார் டொக்டர். மலம் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. வாயால் ஒரு குழாயை விட்டுப் பார்த்தார்கள். பிறகு மற்றப் பக்கத்தாலும் ஒரு குழாயை விட்டுப் பார்த்தார்கள். (அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.) இரண்டிலும் ஒன்றும் இல்லை. நடுவில் இருக்கும் சிறுகுடலுக்கு இந்தக் குழாய்கள் எட்டாதாம். வெருகலில் பாலம் போடாத காலத்தில், இந்தப் பக்கத்து பஸ் இந்தக் கரையிலும் அந்தப் பக்கத்து பஸ் அந்தக் கரையிலும் நின்றுவிடுமே, அதுபோல.

"முந்தியெண்டால் இதுக்கு வயித்தை வெட்டித்தான் பாக்கவேணும்," என்றார் டொக்டர். "இப்ப இது வந்திட்டுது." அவர் காட்டியது ஒரு கப்ஸ்யூல். கொஞ்சம் பெரிய விற்றமின் குளிசை போலிருந்தது. உள்ளே லைற்றும் கமராவும். போகிற வழியெல்லாம் படம் எடுத்து இடுப்புப் பெல்ட்டில் இருக்கும் பெட்டிக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் தானாகவே வெளியே போய்விடும், திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. (இதைக் கேட்டபோது வசந்தியின் முகத்தில்தான் பெரிய நிம்மதி.)

"ஆனால் என்னட்ட இருக்கிறது இது ஒண்டுதான்," என்றார். "இதில படம் பதியாட்டில் திறந்து பாக்கிறதைப் பற்றித்தான் யோசிக்கவேணும்."

எங்கள் பெரியப்பாவையும் அப்படித்தான் திறந்து பார்த்தார்கள். பார்த்தார்கள், மூடினார்கள். அவர் பிறகு எழும்பவில்லை. ஆகவே அந்த நீல லைற் நாலு மணி வரை அணையக் கூடாது என்பதில் எனக்கு மற்ற எல்லாரையும் விட அக்கறை இருந்தது.

அக்கறை இருந்தும் நான் செய்த வேலையைப் பாருங்கள்.

நடந்தேன். கடற்கரைப் பக்கம் போனேன், திரும்பினேன். பஸ் நிலையத்தடியில் மான்கள் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. வெறும் வயிற்றோடு நின்ற எனக்கு அந்தத் தோலிலேயே ஓர் ஆசை வந்தது. வெயில் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கிண்ணியா பஸ் மெல்ல நகரத் தொடங்கியது.

நகரும் பஸ்ஸைக் கண்டால் என் கால் என்னைக் கேட்காது. அது எங்கே போகிறது என்பதெல்லாம் ஏறின பிறகு விசாரிக்கிற விஷயம். மூளையும் காலுக்குத்தான் சப்போர்ட்: நான் நகர்ந்தால் என்ன, பஸ் நகர்ந்தால் என்ன, கமரா நகரத்தானே போகிறது? கிண்ணியாவுக்குப் போய் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பினால் நாலு மணிக்கு வெகு நேரம் இருக்கும்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. துறைமுகத்துத் தண்ணீர் ஜன்னலோடு கூடவே வந்தது. காற்றுப் படட்டும் என்று சேர்ட்டின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றிவிட்டேன். கண் சொருகியது.

அடுத்த பக்கத்து சீற்றில் கிண்ணியா ராத்தா ஒருவர் (முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்போம்), மடியில் பெரிய பையோடு இருந்தார். காற்றில் என் சேர்ட் விலகியிருக்கிறது. அவர் கண்டது இவ்வளவுதான்: நித்திரை கொள்கிற ஓர் ஆள், இடுப்பில் பெல்ட், பெல்ட்டிலிருந்து வயர்கள், நடுவில் மின்னுகிற ஒரு நீல லைற். இந்த நாட்டில் அதைக் கண்ட பிறகு சீற்றில் இருப்பவர் ஒருவரும் இல்லை. ராத்தா சத்தம் போடவில்லை. எழும்பிப்போய்க் கொண்டக்டரின் காதில் சொன்னார். கொண்டக்டர் ட்ரைவரின் காதில் சொன்னார். கிண்ணியாப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் பூனை மாதிரி நின்றது.

நான் கண் திறந்தபோது முன்கதவாலும் பின்கதவாலும் சனம் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் ஜன்னலால் குதித்தார்.

நாங்கள் ஓடிப் பழகின ஆட்கள். யுத்தத்தில் செல்லடிக்கு ஓடினோம், சுனாமிக்கு ஓடினோம், பிறகு சுனாமி வருகுதாம் என்ற கதைக்கும் பல தடவை ஓடினோம். ஓடுகிறவரை மறித்துக் காரணம் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நானும் கேட்கவில்லை. பாய்ந்து இறங்கிச் சனத்துக்குப் பின்னால் ஓடினேன்.

முன்னால் ஓடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததும் இன்னும் வேகமாக ஓடினார்கள். அவர்கள் அப்படி ஓடுவதைக் கண்டதும், பின்னால் வருகிற ஏதோ ஒன்று கிட்ட வந்துவிட்டது என்று நானும் வேகத்தைக் கூட்டினேன். உடம்பு மொத்தமான ஓர் ஐயாவை நெருங்கி, "கையைப் பிடியுங்கோ ஐயா, நான் இழுக்கிறன்!" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், ரோட்டை விட்டுக் களப்புச் சேற்றுக்குள் பாய்ந்துவிட்டார். (உதவி செய்யப் போனால் இப்படித்தான் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு மனவருத்தம்.)

இரத்தம் இல்லாத உடம்பு எவ்வளவு தூரம் ஓடும்? கண் இருட்டிக்கொண்டு வர, பூட்டிக்கிடந்த ஒரு கடைக்குப் பின்னால் போய்ச் சுவரோடு சாய்ந்தேன். அங்கே பஸ் ட்ரைவர் குந்தியிருந்தார். எட்டிப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன நானா நடந்தது?" என்று இரகசியமாகக் கேட்டேன். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.)

"பஸ்ஸுக்குள்ள ஒருத்தன் இடுப்புல வயரக் கட்டிக்கிட்டு இருந்தானாம்."

"ஐயோ! எந்த சீற்?"

"நடுவுல. ஜன்னல் ஓரம்."

"நானும் அந்தப் பக்கந்தான் நானா இருந்தனான்! கடவுள் காப்பாத்தினது."

"நீலச் சேர்ட்டாம்," என்றார் ட்ரைவர்.

நான் குனிந்து பார்த்தேன். அவரும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கத்தினோம்.

பாலத்தடியில் நின்ற பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் ஒருவரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கினேன். (அதுவும் பழகின விஷயம்தான்.) அவர்களில் பெரியவர் தூரத்தில் நின்றபடி, தெரிந்த தமிழில் சொன்னார்.

"அது கழட்டு! மெதுவா கழட்டு!"

"கழட்ட ஏலாது சேர்!"

"ஏன் ஏலாது?"

"கழட்டினால் வயித்தை வெட்டுவினம் சேர்!"

"யாரு வெட்டுறது?"

"டொக்டர்! வயித்துக்குள்ள கமரா இருக்கு சேர், அது படம் எடுக்குது!"

தமிழில் சொன்னேன், தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். வயிற்றுக்குள் கமரா ஓடுகிறது என்பதை எந்த மொழியில் சொன்னாலும் கேட்கிறவர் முகம் ஒரே மாதிரித்தான் போகும். பெரியவர் இன்னும் இரண்டு அடி பின்னால் போனார்.

"என்ர போன் பொக்கெற்றுக்குள்ள இருக்கு. ஆராவது எடுத்துக் கிளினிக்குக்கு அடியுங்கோ!" என்று கெஞ்சினேன். பயந்து நின்ற சனத்தில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ராத்தா பையைக் கீழே வைத்துவிட்டு முன்னுக்கு வந்தார்.

"தள்ளுங்க. நாந்தானே சொன்னது, நானே எடுக்கேன். இந்தத் தம்பிட மூஞ்சியப் பாருங்க. இது வெடிக்கிற மூஞ்சியா? பசியில கெடக்கிற மூஞ்சி."

போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் வாய்க்கு முன்னால் பிடித்தார். நேர்ஸின் குரல் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"கிண்ணியாவிலயோ? உங்களை நடக்கச் சொன்னதெல்லோ அண்ணை, ஆர் உங்களை பஸ் ஏறச் சொன்னது? ஓடினனீங்களோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா?" என்றார் சேற்றோடு வந்து நின்ற மொத்த ஐயா.

"சரி சரி. லைற் மின்னுதோ?" என்றார் நேர்ஸ்.

எல்லாரும் குனிந்து பார்த்தோம். லைற் மின்னவில்லை.

அதுவரைக்கும் எனக்கு வெட்கமும் பயமும்தான் இருந்தன. அந்த நேரம் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. தூக்கிய கை தூக்கியபடி இருக்க, அழுகை வந்துவிட்டது. நேர்ஸ் குரலை இறக்கி, "பதறாதேங்கோ. வயர் பெட்டிக்குள்ள போற இடத்தை ஆராவது நல்லா அமத்துங்கோ," என்றார். அழுத்தியவர் பெரிய பொலிஸ்காரர். தொப்பியைக் கழற்றி மற்றவரிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் நின்று, நெற்றி வியர்க்க வியர்க்க ஒவ்வொரு வயராக அழுத்தினார். கடைசி வயரில் நீலம் மின்னியது. சனம் கைதட்டியது.

"பெட்டியில சின்னத் திரை ஒண்டு இருக்கு. படம் வருதோ பாருங்கோ," என்றார் நேர்ஸ்.

பெரியவர் பார்த்தார். "ஆ, வருது, வருது!" என்றார், ஏதோ தன் கலியாண வீடியோவைக் கண்டதுபோல. அவ்வளவுதான். வெடி இல்லையென்று தெரிந்ததும் சனம் முழுவதும் என் இடுப்பைச் சுற்றி வந்துவிட்டது. என் குடலைக் கிண்ணியா பஸ் முழுக்க முறை வைத்துப் பார்த்தது. "நல்ல துப்பரவாத்தான் வச்சிரிக்கான்," என்றார் ஒருவர். "எனக்கு மறைக்குது, தலையை எடுங்க," என்றார் இன்னொருவர். சேற்று ஐயாவுக்கு, பாய்ந்த உரிமையில், முன்வரிசை கொடுத்தார்கள்.

"அந்தா, என்னமோ ஆடுது!"

"நூடில்ஸ் போல."

"நான் நேற்றிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை," என்றேன், மேலே தூக்கிய கையோடு. (கையை இறக்கச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள்.)

ராத்தா திரைக்குக் கிட்டே கண்ணை வைத்துப் பார்த்தார். "யா அல்லா, பூச்சி! கடிச்சிப் புடிச்சிக்கிட்டு நிக்கிது பாருங்க! இதப் பாத்துத்தானா நாம இவ்வளவு பேரும் ஓடின?"

பொலிஸ் ஜீப்பில் கிளினிக்குக்குத் திரும்பினேன். அண்ணனைப் பொலிஸ் பிடித்துவிட்டது என்று யாரோ போனில் சொல்ல, வசந்தி தலைகூட வாரி இழுக்காமல், தன் புருஷனான என் மச்சானின் ஓட்டோவில் வந்து, வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் இறங்கியதும் அழுகையை நிறுத்திவிட்டு ஏசத் தொடங்கினாள்.

அன்று பின்னேரமே டொக்டர் படங்களைப் போட்டுப் பார்த்தார். நான் ஓடிய நேரத்துப் படங்கள் சில இல்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பூச்சிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. கொக்கிப்புழுவாம். ஈர மண்ணில் வெறுங்காலோடு திரிந்தால் பாதத்தால் ஏறிக் குடலில் போய்க் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்குமாம்.

"செருப்புப் போடுறேல்லையோ?" என்றார்.

"வயலுக்க என்னெண்டு டொக்டர் செருப்பு?"

"வெட்டத் தேவையில்லை. பூச்சி மாத்திரை போதும். பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குக் குடுக்கிறதுதான். இரத்தம் ஊற வேற மாத்திரையும் தாறன்."

உலகத்து மூளைகள் எல்லாம் சேர்ந்து கமராவை ஒரு குளிசைக்குள் அடக்கி, அதை என் குடலுக்குள் அனுப்பிக் கண்டுபிடித்தது, எனக்கு ஒரு சோடி செருப்பு வேண்டும் என்பதைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வசந்தி மட்டும் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இன்றைக்கும் அவளுடைய வீட்டில் நான் கதிரையை விட்டு எழும்ப ஏலாது. எழும்பினால் மச்சான் "ஓடுங்கோ!" என்று கத்துவார். பிள்ளைகள் குசினியால், முன்வாசலால், ஜன்னலால் எல்லாம் பாய்ந்து ஓடுவார்கள். நான் பின்னால் ஓடி "என்ன நடந்தது?" என்று கேட்டால்தான் விளையாட்டு முடியும். கேட்காமல் விட்டால் சோறு ஆறினாலும் உள்ளே வர மாட்டார்கள்.

அந்த வீட்டு வாசலுக்குத்தான், கமரா விழுங்கியதற்கு அடுத்த நாள் காலையில், கிளினிக்கில் விசாரித்துக்கொண்டு பஸ் ட்ரைவர் வந்தார். அவருடைய கொண்டக்டர் ஓடிய ஓட்டத்தில் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கே போய்விட்டாராம். இனி பஸ் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"ஒன்னப் பாத்துத்தான் அவன் ஓடினான்," என்றார் ட்ரைவர். "அப்ப நீதான் வரணும்."

"நான் மயங்கி விழுற ஆள் நானா."

"விழுந்தா சீற்றுலதானே விழுவா. வா."

போனேன். கொண்டக்டர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "கிண்ணியா, கிண்ணியா!" என்று கூப்பிட்டேன். திரும்பும் வழியில், பாலத்தடியில் ராத்தா அதே பெரிய பையோடு ஏறினார். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பஸ் முழுவதற்கும் கேட்கும்படி கேட்டார்:

"மாத்திரை போட்டயா தம்பி?"

"போட்டனான் ராத்தா."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அப்ப பூச்சி விழுந்திச்சா?"

"ரிக்கெற் எடுங்கோ ராத்தா," என்றேன்.