ஆறுக்கு ஆறு: என் வால்வுப் பெட்டி வென்றது, மச்சான்!

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனர் பிரகலாதன் அறியவேண்டியது,

இங்கு நானும் உமது அக்கா இன்பமலரும் நலம். கனடாக் குளிருக்குள்ளும் நீரும் மனைவி தினுஷாவும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வட்ஸ்அப் இருக்க இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீர் யோசிக்கக்கூடும். தொலைபேசியில் என்றால் குறுக்கே விழுந்து பேசுவீர். கடிதத்தில் அந்த வசதி உமக்கு இல்லை.

சித்திரை மாதம் நீர் சொன்னதை நான் மறக்கவில்லை. என் பாட்டுச் செற்றுக்குப் புதிய பிரீ-அம்ப் ஒன்று தேவை, வால்வு வைத்ததா டிரான்சிஸ்டரா நல்லது என்று மரியாதையாக ஆலோசனை கேட்டேன். (தினுஷாவும் வாசிப்பா என்பதால் சொல்கிறேன்: இசைத்தட்டிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைப் பெரிய அம்ப்ளிஃபயருக்கு அனுப்புமுன் சீராக்கிக் கொடுக்கும் பெட்டிதான் பிரீ-அம்ப். வால்வு என்பது பழைய றேடியோக்களுக்குள் மினுங்கும் கண்ணாடிக் குழாய்.) நீரோ, "அத்தான், அந்த உப்புக் காத்துக்கு வால்வு சரிவராது. அதோட முப்பது வருசம் ஹாபரில கப்பல் இழுக்கிற படகில எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்ட உங்கட காதுக்கு எதைப் போட்டாலும் ஒண்டுதான்" என்று சொல்லிச் சிரித்தீர். அதோடு நிற்காமல் டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றைப் பார்சலிலும் அனுப்பினீர். எந்தச் சிலிண்டரில் பிழை என்று சத்தத்தை வைத்தே சொன்ன காது ஐயா இது! அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே கிண்ணியாவுக்குப் போய், றேடியோ திருத்தும் சஜீத்திடம் வால்வுப் பெட்டி ஒன்று செய்யச் சொன்னேன். மனிசன் ஒரு மாதம் மினக்கெட்டுச் செய்து, தானே கொண்டுவந்து பூட்டினார். சுவிச்சைப் போட்டதும் பாட்டுக்கு முதல் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். உமது அக்கா குசினிக்குள் ஓடிப்போய் பிரிட்ஜைத் தட்டிப் பார்த்தா. "இது எர்த் பிரச்சினை ஐயா. ஒரு செம்புக் கம்பிய மண்ணுக்குள்ள இறக்கினாச் சரி" என்றார் சஜீத். இறக்கினோம், இரண்டாம் அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, தண்ணீர் மதிலுக்கு மேலால் பாய்ந்து, பக்கத்து வீட்டு றிஷானா காயப்போட்டிருந்த பாயெல்லாம் நனைந்து, அவ சத்தம் போட, அதைப் பார்க்கப் படலையைத் திறக்க, தெருவில் திரிந்த மான்கள் இரண்டு உள்ளே வந்து, தண்ணீர் குடித்ததோடு விடாமல் உமது அக்காவின் செவ்வரத்தைச் செடியையும் மொட்டையடித்துவிட்டன. ஆனால் இரைச்சல் நின்றுவிட்டது! நானும் சஜீத்தும் நனைந்தபடியே கைகொடுத்துக்கொண்டோம்.

உமது அக்கா கைகொடுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, நான் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறன். தம்பீன்ர பெட்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாட்டி, பாட்டுச் செற்று முழுக்கப் பின்னறைக்குப் போகுது. ஹோலில என்ர கண்ணாடி அலுமாரி நிக்கும்" என்றா. பின்னறையில் நெல் மூட்டையும் உடைந்த சைக்கிளும் கிடக்கின்றன. பென்சன் எடுத்த நாள் தொடக்கம் எனக்கு இருக்கிற ஒரே சந்தோசம் ஹோலின் அந்த மூலைதான். பயந்துபோனேன், மறைக்கவில்லை. போதாக்குறைக்கு நீதிபதி உமது கூடப்பிறந்த அக்கா!

துவாயால் அவவின் கண்ணைக் கட்டினோம். சஜீத் வயரை மாற்றி மாற்றிப் பூட்ட, நான் எதிரே கதிரையில் இருந்து மேற்பார்வை செய்தேன். ஒரே நாதஸ்வரத் தட்டு, ஆறு சுற்று. எது நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லச் சொன்னேன்; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பெட்டியும் பாடின. உமது பெட்டி பாடும்போது அக்கா வாயே திறக்கவில்லை. என் வால்வு பாடத் தொடங்கினதும், "இதுதான். இது நல்லாயிருக்கு" என்றா. ஆறு சுற்றிலும் அப்படியே! சஜீத் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் அழுதேன். ஆறுக்கு ஆறு, மச்சான்! உமது சொந்த இரத்தமே உமக்கு எதிராக வாக்களித்துவிட்டது. இனி என் காதைப் பற்றி நீர் ஒரு சொல்லும் கதைக்க ஏலாது. வெற்றிச் செய்தியைக் குடும்ப வட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டேன்.

உமது பெட்டி பத்திரமாக இருக்கிறது. தற்சமயம் அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறோம். கோணேசப் பெருமான் உமக்கு நீண்ட ஆயுளையும், வால்வின் அருமையை உணரும் புத்தியையும் தந்தருள்வாராக. தினுஷாவுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த நிலையில்,
அத்தான் தம்பிராசா

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை உமது அக்காவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அவ சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்திவிட்டது. "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டது" என்றா.

"அப்ப எப்பிடி ஆறு தரமும் சரியாச் சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"உங்கட வால்வு பாடேக்க எல்லாம் உங்கட கதிரை கிறீச்செண்டுது. சந்தோசத்தில முன்னுக்கு வந்து நிமிர்ந்து இருக்கிறியள் எண்டு விளங்கினது. மற்றப் பெட்டிக்குக் கதிரை அசையேல்லை."

"அது பொய்த் தீர்ப்பெல்லோ!"

"நான் எங்க பொய் சொன்னனான்? எது நல்லாயிருக்கெண்டுதானே கேட்டனீங்கள்?"

பிரகலாதன், காது விசயத்தில் நீர் சொன்னதே சரியாக இருக்கக்கூடும். ஆனால் உமது அக்காவுக்கு என்னுடைய சத்தம் எதுவும் கேட்பதில்லை என்று முப்பத்தாறு வருசமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அதுதான் பெரிய பிழை.