எக்ஸ் என்றால் பிழை

அனுமதிக்காரர் என்றோர் இனம் இருக்கிறது. வாசகரே, நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். முன்பு இவர்கள் அலுமாரித் திறப்புக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். இப்போது கணினியின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிறார்கள். மற்றபடி எதுவும் மாறவில்லை.

மட்டக்களப்பில், வாவியைப் பார்த்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில், இந்த இனத்தின் நன்கு விளைந்த மாதிரி உதயரூபன். இருபது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்று, மூன்று நாள் பயிற்சிக்குப் போய், அலுவலகக் கோப்புகள் அனைத்துக்கும் பொறுப்பாளராகத் திரும்பி வந்தவர். தினமும் காலையில் ஒவ்வொரு கோப்பாகத் தட்டிப் பார்த்து, யாரால் வாசிக்க முடிகிறது, யாரால் எழுத முடிகிறது என்று ஆராய்ந்து, முடிகிறவர்களிடமிருந்து ஓர் அனுமதி எழுத்தையாவது பிடுங்கிய பிறகுதான் தேத்தண்ணியை எடுப்பார். ஆறிப்போயிருக்காதா? இருக்கும். ஆனால் என்ன ருசி!

"வேணுமெண்டா என்னட்டக் கேளுங்க. நான் என்ன, மாட்டன் எண்டா சொல்லுவன்?" என்பார். கேட்டுப் பாருங்கள். "எழுத்தில தாங்க."

கோப்பின் பெயருக்கு முன்னால் r இருந்தால் வாசிக்கலாம், w இருந்தால் எழுதலாம் என்பது பயிற்சியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. x பற்றிச் சொன்னது மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அப்போது கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். அதனாலென்ன? இருபது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்புப் பேனாவால் அதைப் போட்ட கைக்குத் தெரியாதா? x என்றால் பிழை!

அன்று வியாழக்கிழமை. வாகரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் குடிநீர்க் குழாய் கேட்கும் விண்ணப்பத்தை நான்கு மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். ஏழு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி அதைத் தயாரித்தவள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஏறாவூர் ஸுஹைனா. அனுப்புவதற்கு முன் உதயரூபன் விண்ணப்பம் இருந்த கோப்புறையை ஒருதரம் 'திருத்த' உட்கார்ந்தார். பார்த்தால், மூன்று x! chmod a-x என்று தட்டி மூன்றையும் அழித்தார்.

"போல்டர் திறக்குதில்ல சேர்," என்றாள் ஸுஹைனா.

"உங்களுக்குத் திறக்காது பிள்ள. எனக்குத் திறக்கும்."

தட்டினார். அனுமதி மறுக்கப்பட்டது. மறுபடி தட்டினார். மறுக்கப்பட்டது. அனுமதிக்காரருக்கே!

"x தான் சேர் உள்ள போற வழி. திரும்பப் போடுங்க. போல்டர் உங்கட பேர்லதான் இரிக்கி, எங்களால ஏலா."

"திருத்தின பிழைய நானே திரும்பப் போடுறதா?"

"மூணே முக்கால் சேர்! அங்க சனம் உப்புத்தண்ணி குடிக்குது!" ஸுஹைனாவின் குரல் உடைந்தது.

உதயரூபனின் மனம் இளகிவிட்டது. உண்மையாகவே இளகியது.

"சரி பிள்ள, அழாதீங்க. எழுத்தில தாங்க."

நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். வாசித்தார். இரண்டு எழுத்துப்பிழை. விடுவாரா? சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு x போட்டார். கோப்புறையில் போட வேண்டிய x-ஐப் போட்டபோது நாலு மணி ஏழு நிமிடம். உடனே திறந்தது.

"பாத்தீங்களா, கேட்டாத் தருவன்தானே!" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு வைஃபையின் கடவுச்சொல் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்கு மட்டும்தானா? பரவாயில்லை. கேட்டால் கொடுப்பீர்கள்தானே.