நான்காம் மாடிக்காரரின் பைஜாமா

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் அவருடைய முழங்காலும் நலமா? தேதியை வலது மூலையில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். உன் போன கடிதத்தில் தேதியே இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் சுவருக்குக் கேட்கும், சுவருக்கு அந்தப் பக்கம் மகன் இருப்பான்.

விஷயம் இதுதான். இந்த வெளிநாட்டில் மகனோடு ஆறு மாதம் இருப்பதாகச் சொல்லி வந்தவள், ஏழாவது வாரமே திரும்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ அவனுக்குப் போன் செய்து, அக்கா வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அவள் வந்து பார்த்தால்தான் ஆகும் என்று சொல்ல வேண்டும். நான் பொய் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். நீ சொல்லுவாய் என்பது எனக்குத் தெரியும்.

மகனையோ மருமகளையோ குறை சொல்வதற்கில்லை. காலை ஏழு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு போனால் மாலை ஆறரைக்குத்தான் கதவு திறக்கும், நடுவில் நானும் ஃப்ரிட்ஜும்தான், அதுவாவது அவ்வப்போது உறுமுகிறது. இந்த ஊர் மனிதர்களும் நல்லவர்கள்தான். நமக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வரிசையில் ஒரு கை தள்ளி நிற்பார்கள், ஆனால் வாயை மட்டும் திறக்கமாட்டார்கள். எதுவானாலும் சீட்டு எழுதி ஒட்டுவார்கள். ‘சைக்கிளை இங்கே விடாதீர்கள்’ என்று ஒரு சீட்டு, அதற்குக் கீழே ‘அது என் சைக்கிள் இல்லை’ என்று இன்னொரு சீட்டு, இரண்டையும் எழுதியவர்கள் மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

கட்டடத்துக்கே ஒரே சலவை அறை, கீழ்த்தளத்தில். யாருக்கு எந்த நேரம் என்று சுவரில் ஒரு அட்டவணை. எங்களுக்கு வியாழன் பத்திலிருந்து பன்னிரண்டு. அதை எழுதியவர் நான்காம் மாடியில் தனியாக இருக்கும் ரிடையரான பஸ் டிரைவர். ‘டைம்டேபிள்’ என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். போன வியாழன் பத்து மணிக்கு இறங்கினால், எட்டு மணிக்காரரான அவருடைய துணி ஈரத்தோடு மெஷினுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. கண்ணெதிரே கிடக்கிற வேலை நம் வேலை என்று கான்வென்ட் பள்ளியில் மதர் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களே, எடுத்துப் பக்கத்து மெஷினில் போட்டு உலர்த்தினேன். உலர்த்தினவள் அதோடு சும்மா இருக்கக் கூடாதா? கசங்கலைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். மேலே கொண்டுவந்து இஸ்திரி போட்டேன்: சட்டை நான்கு, துண்டு இரண்டு, பைஜாமா ஒன்று, வாய்விட்டுச் சொல்ல முடியாதவை ஆறு. எல்லாவற்றையும் ஓரம் பிசகாமல் அடுக்கி, அவர் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் எங்கள் கதவில் சீட்டு. ‘என் துணிகளைத் தொட வேண்டாம். நன்றி.’ மகன் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். “அம்மா, இங்க ஒருத்தர் துணிய இன்னொருத்தர் தொடவே மாட்டாங்கம்மா. ஓடி முடிஞ்சிருந்தாலும் அவங்க வந்து எடுக்குற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாங்க.” மருமகளோ, “பைஜாமாவுக்குக் கத்தி மாதிரி மடிப்பு வச்சிருக்கீங்களே அத்தை, அதப் போட்டுக்கிட்டு மனுஷன் எப்படித் தூங்குவாரு, அட்டென்ஷன்லயா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்தொரு வயதில் முதல்முறையாக எனக்கு எழுத்து மூலம் கண்டனம். அன்றே, மதர் பழக்கிவிட்ட ஆங்கிலக் கூட்டெழுத்தில் இரண்டு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதி அவர் கதவுக்கு அடியில் தள்ளினேன். ஒரு வாரமாகிறது, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி உண்டா?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது சேலை மடிப்பதுதான். ஆறு கெஜத்தை ஒற்றை ஆளாக மடிக்க முடியுமா? உன் அத்தான் நாற்பத்து மூன்று வருடம் மறுமுனையைப் பிடித்தார். ஒருநாள்கூட அவர் ஓரமும் என் ஓரமும் சேர்ந்ததில்லை, ஒருநாள்கூட நான் திட்டாமல் விட்டதில்லை. அவருக்குப் பிறகு அங்கே ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மடித்துக்கொள்வேன். இந்த ஊர் ஜன்னல்களில் கம்பியே கிடையாது. இதையெல்லாம் ஒரு காரணமென்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாது, அதனால்தான் கூரை.

வீட்டைத் திறந்து காற்றாட விடு. தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல், கழுவும்போது பக்கத்திலேயே நில். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. உன் பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும், அதில் பாதியாவது காலையில் நேரத்துக்கு எழுந்து வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: எழுதும் மும்முரத்தில் இன்று வியாழன் என்பதும் என் சேலைகள் கீழே கிடப்பதும் மறந்தே போயிற்று. பன்னிரண்டே காலுக்கு அடித்துப் பிடித்து இறங்கினால், சலவை அறையில் டைம்டேபிள் என் சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கைம்மாறாக எடுத்து மடித்து வைக்கலாம் என்று நினைத்தாராம், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்ததாம். இது எங்கேயாவது முடியுமா என்று கேட்டார். நான் இஸ்திரி போட்ட நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார். சட்டைப் பையில் என் கடிதம். இந்த ஊரில் கூட்டெழுத்து வாசிக்க யாருக்கும் பழக்கமில்லையாம், பூதக்கண்ணாடி வைத்து ஒரு வாரத்தில் முதல் பக்கத்தை முடித்திருக்கிறார். அந்தச் சீட்டுக்கும் காரணம் சொன்னார். மனைவி போய் ஐந்து வருடமாம். அன்றைக்குக் கதவைத் திறந்து அந்த அடுக்கைப் பார்த்ததும், ஒரு கணம், அவள்தான் வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துவிட்டாராம்.

நான் மறுமுனையை எடுத்துக்கொண்டேன். பஸ் ஓட்டியவர் இல்லையா, திரும்பிப் பார்க்காமலே நேர்கோட்டில் பின்னால் போனார். முதல் தடவையிலேயே ஓரமும் ஓரமும் சேர்ந்துவிட்டது. திட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போனதில்தான் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதியதை அடித்துத் திருத்தக் கூடாது என்பது மதர் போட்ட சட்டம், ஆகவே மேலே உள்ளது உள்ளபடியே வருகிறது. கூரை ஒழுகவில்லை. போன் செய்யாதே. தொட்டியையும் கழுவ வேண்டாம், சேலைக்குப் போடும் கஞ்சிப் பவுடர் மட்டும் இரண்டு பாக்கெட் அனுப்பு. சிரிக்காதே. கிளம்புமுன் அவர் பேனாவை எடுத்து, சுவரிலிருக்கும் அட்டவணையில் எங்கள் நேரத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘வியாழன் பன்னிரண்டு மணி. நீளத் துணி. இரண்டு பேர்.’